சாரத்து மடியில் ஒரு ஸ்க்ரூ ட்ரைவர்

சோளகம் பிடித்துவிட்டால் கற்பிட்டியின் மேற்குக் கரையில் போட் இறக்க முடியாது. மணலில் ஏற்றிக் கவிழ்த்துவிட்டு, எஞ்சினைக் கழற்றி வாடிக்குள் கொண்டுவந்துவிடுவார்கள். அதே காற்றை நம்பித்தான் கைட் சேர்ஃபிங் ஆட்கள் வெள்ளைக்காரர்களோடு வந்து இறங்குவதும். ஒரே காற்று, ஒரு கூட்டத்தைக் கரையேற்றுது, இன்னொரு கூட்டத்தைக் கடலில் இறக்குது.

அப்படியொரு சோளகத்தில் வாப்பா ஒரு யமஹா மண்ணெண்ணெய் எஞ்சினைத் திறந்துகொண்டிருந்தார். காபரேட்டருக்குள் தண்ணீர். கீழ்க் கிண்ணத்தைப் பிடித்திருக்கும் நாலு ஸ்டார் ஸ்க்ரூவில் ஒன்றைக் கழற்றும் வேலை என்னிடம் வந்தது. புத்தளம் டவுனில் நடைபாதையில் வாங்கிய, குறடு மாதிரி விரிகிற மல்டிடூல் என்னிடம் இருந்தது. பெருமையாக விரித்தேன், வைத்தேன், அழுத்தித் திருப்பினேன். "கிர்ர்" என்று ஒரு சத்தம். ஸ்க்ரூ அசையவில்லை, அதன் தலையில் இருந்த சிலுவை மட்டும் வட்டமாகிவிட்டது.

வாப்பா திட்டவில்லை. "இந்தச் சாமான் எல்லாத்தையும் செய்யும், ஒண்டையும் முடிக்காது மகன்" என்றார்.

அந்த வசனம் எனக்கு உறைத்துவிட்டது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே நாளில் ஏறியதிலிருந்து எங்கள் கரையில் புது எஞ்சின், புது உதிரிப்பாகம் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. ஒரு ஸ்க்ரூத் தலை போவது சின்ன விசயம் இல்லை. அது கரையில் போனால் ஒரு நாள் வேலை கெடும். கடலில் போனால் நீரோட்டம் இழுக்கிற பக்கம் போகவேண்டியதுதான். அதனால் கேட்டுப் பார்த்தேன்: பைக்குள் போடுகிற கத்திக்குள் ஸ்க்ரூ ட்ரைவர் எப்படி வந்தது? ஏன் சிலது பிடிக்குது, சிலது வழுக்குது?

முதலில் சொல்லில் இருந்து தொடங்கலாம். சிங்களத்தில் ஸ்க்ரூவுக்கு இஸ்குருப்பு என்று பெயர். ஸ்க்ரூ ட்ரைவர் என்றால் இஸ்குருப்பு நியன, அதாவது ஸ்க்ரூ உளி. இந்த இஸ்குருப்பு ஒல்லாந்த மொழியிலிருந்து வந்த சொல். கற்பிட்டியை ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது 1659இல். இப்போதும் நிற்கிற கோட்டையைக் கட்டியது 1667க்கும் 1676க்கும் இடையில். கறுவா, முத்து, யானை எல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கு. கூடவே இந்தச் சின்ன ஆணியின் பெயரையும் அவர்கள் விட்டுவிட்டுப் போனது அதில் இல்லை.

அந்தக் கோட்டைக் காவல்காரனிடம் ஸ்க்ரூ எங்கே இருந்திருக்கும்? கதவில் தேடாதீர்கள், துப்பாக்கியில் தேடுங்கள். ஸ்க்ரூ ட்ரைவரின் வரலாற்றைத் தேடி விட்டோல்ட் ரிப்சின்ஸ்கி 2000இல் ஒரு புத்தகமே எழுதினார். தச்சுவேலையில் தொடங்கிய அவருடைய தேடல், 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் போர்க்கவசத்திலும் துப்பாக்கியிலும் போய் முடிந்தது. மரத்துக்கு ஆணி போதும். சுடும்போது அதிர்கிற, அடிக்கடி கழற்றித் துடைக்கவேண்டிய இரும்புக்குத்தான் ஸ்க்ரூ வேண்டும். பிறகு வந்த சக்கிமுக்கித் துப்பாக்கியில் கல்லைக் கவ்விப் பிடிக்கிற வாயை இறுக்கியதும் ஒரு ஸ்க்ரூதான். கல் தேய்ந்தால் சிப்பாயே மாற்றவேண்டும். அதற்காக 18, 19ஆம் நூற்றாண்டுப் படைகளில் ஸ்க்ரூ ட்ரைவர் அலகுகள் சேர்ந்த சின்னக் கருவிகள் சிப்பாய்களிடம் இருந்தன. நம்முடைய மல்டிடூலுக்கு மூத்தப்பா அதுதான்.

சுவிஸ் கத்தியின் கதையும் இதே பாதைதான். 1889இல் சுவிஸ் இராணுவத்துக்கு ஷ்மிட்-ரூபின் என்ற புது ரைஃபிள் வந்தது. அதைக் கழற்ற ஸ்க்ரூ ட்ரைவர் வேண்டும், தகரத்தில் அடைத்த சாப்பாட்டைத் திறக்கவும் ஏதாவது வேண்டும். 1891இல் இராணுவம் ஏற்றுக்கொண்ட மொடல் 1890 கத்தியில் நாலே நாலு சாமான்: கத்தி அலகு, துளையிடும் ஊசி, டின் ஓப்பனர், தட்டை ஸ்க்ரூ ட்ரைவர். சுவாரசியம் என்னவென்றால் முதல் தொகுதியைச் செய்தது ஜேர்மனியின் சோலிங்கன் நகரக் கம்பனி. அவ்வளவு எண்ணிக்கையில் செய்யச் சுவிஸில் ஆள் இல்லை. ஈபாக் ஊரில் 1884இல் பட்டறை போட்டிருந்த கார்ல் எல்ஸ்னருக்கு அது பொறுக்கவில்லை. அவர் இராணுவத்துக்குக் கத்தி செய்யத் தொடங்கி, 1897இல் அதிகாரிகள் கத்தியைப் பதிவு செய்தார். ஒரே வில்லின் இரண்டு பக்கத்திலும் அலகுகளை மாட்டியதுதான் அவருடைய கெட்டித்தனம். அம்மா விக்டோரியாவின் பெயரும், துருப்பிடிக்காத உருக்கைக் குறிக்கும் இனொக்ஸ் என்ற சொல்லும் சேர்ந்து பிறகு விக்டோரினொக்ஸ் ஆனது.

அதுவரை உலகத்தில் பெரும்பாலும் ஒற்றைக் கோடு போட்ட ஸ்க்ரூதான். கனடாவில் ரொபர்ட்சன் சதுரக் குழி ஸ்க்ரூவைக் கொண்டுவந்திருந்தார். பிடிப்பில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் உரிமையை விட்டுக்கொடுக்க மனமில்லாததால் கனடாவுக்கு வெளியே பெரிதாகப் பரவவில்லை. உலகத்தைப் பிடித்தது அமெரிக்காவின் ஹென்றி பிலிப்ஸ் 1936இல் காப்புரிமை பெற்ற சிலுவைத் தலை. நாம் ஸ்டார் என்கிறோமே, அதுதான். கோட்டில் வைத்தால் ஸ்க்ரூ ட்ரைவர் பக்கவாட்டில் ஓடிவிடும், சிலுவையில் தானாகவே நடுவுக்கு வரும். வேகமாக ஓடுகிற கார்த் தொழிற்சாலைக்கு அது வரம். ஜெனரல் மோட்டர்ஸ் கடிலாக் கார்களில் அதைப் போட, சில வருடத்தில் மற்றவர்களும் போட்டார்கள்.

சிலுவையின் சுவர்கள் சரிவானவை. பலமாகத் திருப்பினால் ஸ்க்ரூ ட்ரைவர் அந்தச் சரிவில் ஏறி வெளியே வரும். அளவுக்கு மீறி இறுக்காமல் இருக்க வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள் என்று ஒரு கதை ஓடுது, ஆனால் 1936 காப்புரிமையில் அப்படி எழுதவில்லை. நோக்கம் எதுவோ, விளைவு ஒன்றுதான்: ஸ்டார் ஸ்க்ரூவைக் கழற்றத் திருப்புகிற பலம் மட்டும் போதாது, உள்ளே அழுத்துகிற பலமும் வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கரைக்கு எஞ்சின் வந்தது 1950களில் தொடங்கிய அரசின் இயந்திரமயமாக்கலோடு. யமஹா தன் முதல் வெளியிணைப்பு எஞ்சினை விற்றது 1960இல். பிறகு பைபர் போட் பரவ, ஜப்பான் எஞ்சின்தான் கடலின் குரல் ஆகிவிட்டது. ஜப்பான் எஞ்சினில் இருப்பதோ பிலிப்ஸ் மாதிரியே தெரிகிற, ஆனால் பிலிப்ஸ் இல்லாத ஸ்க்ரூ. ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தர அளவில் செய்த சிலுவை அது. குழியின் மூலை கொஞ்சம் கூர்மை. பிலிப்ஸ் ட்ரைவரின் மூலையோ உருண்டை, அதனால் அடிவரை இறங்காது, மேலோடு நின்றுவிடும். நின்ற இடத்திலிருந்து திருப்பினால் வழுக்கும். பல ஜப்பானிய ஸ்க்ரூத் தலைகளில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும், அடையாளம் அதுதான். உங்கள் வீட்டுப் பழைய மோட்டார் சைக்கிளில் பாருங்கள். ஸ்க்ரூ எல்லாம் "மூஞ்சி போய்" இருந்தால் அதற்குப் பாதிக் காரணம் இந்தச் சண்டை. மீதிப் பாதி உப்புக்காற்றும் கறளும்.

அந்தக் கிழமையே மற்றச் சாமான்களையும் சேர்த்தேன். ஒன்று விக்டோரினொக்ஸ் டிங்கர், பக்கத்து வீட்டுக்காரரின் உறவினர் சுவிஸிலிருந்து கொண்டுவந்தது. சுவிஸ் போன நம்மவர்கள் சொக்லட்டுக்கு அடுத்துக் கொண்டுவருவது அதைத்தானே. மற்றது ஒரு லெதர்மேன், கைட் பழக்குகிற கூட்டாளிக்கு ஒரு வெள்ளைக்காரர் விட்டுவிட்டுப் போனது. மூன்றாவது என் நடைபாதைச் சாமான். பழைய எஞ்சின் ஒன்றின் ஸ்க்ரூக்களில் மாறி மாறிப் போட்டுப் பார்த்தேன். விஞ்ஞானம் இல்லை, கை உணர்ச்சிதான்.

லெதர்மேனைப் பற்றி இரண்டு வரி. டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கர் 1975இல் ஒரு பழைய பியட் காரில் ஐரோப்பா சுற்றினார். கார் மக்கர், ஹோட்டல் தண்ணிக் குழாயும் மக்கர். கையில் இருந்தது வெறும் பைக்கத்தி. "இதுக்குள்ள ஒரு குறடும் இருந்தா" என்று யோசித்தவர், செய்து முடித்து விற்க 1983 ஆகிவிட்டது. துப்பாக்கியில் இருந்து பிறக்காத முதல் பெரிய பைக்கருவி இது என்று நான் நினைக்கிறேன். பழுதான காரிலிருந்து பிறந்தது, நம்முடைய உலகத்துக்குக் கிட்டவானது.

ஆனால் ஸ்க்ரூவில் வென்றது டிங்கர்தான். அதன் ஸ்டார் அலகு கத்தியின் முதுகில், நடுவிலிருந்து நேராக வெளியே நிற்கும், ஆங்கில டீ எழுத்து மாதிரி. உள்ளங்கை சரியாக ஸ்க்ரூவுக்கு மேலே வரும். அழுத்தலாம், கைப்பிடியின் இரண்டு முனையையும் பிடித்துத் திருப்பவும் செய்யலாம். மேலே சொன்ன இரண்டு பலமும் கிடைக்குது. அதன் டின் ஓப்பனர் நுனியில் இருக்கிற சின்னத் தட்டை அலகும் சின்ன ஸ்டார் குழிகளில் உட்காரும். குறை என்னவென்றால் ஆழமான இடத்துக்குள் போகாது, எஞ்சின் மூடிக்குள் கைப்பிடியே முட்டும்.

லெதர்மேனில் அலகு கைப்பிடியின் ஒரு ஓரத்தில் இருக்கு. திருப்பும்போது கை ஸ்க்ரூவைச் சுற்றி வட்டம் போடும், அழுத்தம் ஒரு பக்கம் சாயும். எட்டாத இடத்துக்கு எட்டும் என்பது உண்மை. பிட் மாற்றுகிற மொடல்களில் இடம் மிச்சம் பிடிக்கப் பிட்டைப் பக்கவாட்டில் தட்டையாக்கியிருப்பார்கள், சிலுவையின் இரண்டு கை அகலம், இரண்டு கை ஒடுக்கம். இறுகிய ஸ்க்ரூவில் அது தெரியும். என்னுடையதில் மூட்டே ஆடியது, அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. மூன்றும் துருப்பிடிக்காத உருக்கு என்பதால் உப்புக்காற்றைத் தாங்கும். ஆனால் நல்ல ஸ்க்ரூ ட்ரைவர் நுனியின் கடினம் அந்த உருக்குக்கு வராது. ஒரு வேடிக்கை: சுவிஸ் சிப்பாயின் கத்தியில் ஸ்டார் அலகு சேர்ந்தது 2008 மொடலில்தான். பிலிப்ஸ் காப்புரிமைக்கு 72 வருடம் கழித்து!

எல்லாவற்றையும் வாப்பாவின் மஞ்சள் பிடி ஸ்க்ரூ ட்ரைவர் தோற்கடித்தது. சரியான நுனி, பருத்த பிடி, ஒரு சுத்தியல் தட்டு, ஒரு திருப்பு.

"அப்ப நீங்க ஏன் பைக்கத்தி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். அவர் சாரத்து மடியில் எப்போதும் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். அலகின் நுனி உடைந்து தட்டையாகிவிட்ட பழசு.

வாப்பா மன்னார்த் தீவில் எஞ்சின் வேலை பழகினவர். 1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னார்த் தீவிலிருந்து நிறையப்பேர் கடல் வழியாகக் கற்பிட்டிக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களின் கதை அது. அதில் பெரும்பகுதி இந்த மாவட்டத்தில்தான் முடிந்தது, அல்லது முடியாமல் கிடக்குது. வாப்பாவின் டூல் பெட்டி அங்கேயே நின்றுவிட்டது. ஜப்பான் ட்ரைவர்கள், பிளக் சாவி, அவருக்கு வேலை பழக்கினவர் கொடுத்த அளவுக்கருவி எல்லாம் அதற்குள். மடியில் இருந்த கத்தி மட்டும் கூட வந்தது.

"முகாமில முதல் எஞ்சின் திறந்தது இதாலதான். நுனி அப்பத்தான் உடைஞ்சது. உடைஞ்ச பிறகுதான் ஸ்க்ரூவுக்குச் சரியா நிண்டது" என்றார். பெட்டியைப் பற்றி அதற்கு மேல் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் மூஞ்சியைக் கெடுத்த ஸ்க்ரூவை அவர் எடுத்த விதத்தைச் சொல்லவேண்டும். உடைந்த ஹெக்ஸோ பிளேட் துண்டால் தலையின் குறுக்கே ஒரு கோடு அறுத்தார். 1936ஆம் ஆண்டுச் சிலுவை கோட்டைக் காலத்து ஒற்றைக் கோடாக மாறியது. கத்தியின் உடைந்த நுனியை அதில் வைத்து, மேலே உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டித் திருப்பினார். வந்துவிட்டது.

கிண்ணத்தைக் கழுவித் திருப்பிப் பூட்டும்போது புது ஸ்க்ரூ போடலாமே என்றேன். வேண்டாம் என்றார். இப்போதும் அந்த எஞ்சினில் மூன்று ஸ்டாரும் ஒரு கோடும் இருக்கு. கோடு போட்டது வெளிப்பக்கம், போட்டில் உட்கார்ந்தபடியே கைக்கு எட்டுகிற மூலையில்.