லண்டன் திறந்த இல்ல விழா

லண்டன் திறந்த இல்ல விழா என்பது, பொதுமக்கள் வழக்கமாக நுழைய முடியாத அரசு அலுவலகங்கள், வணிக நிறுவனங்கள், வழிபாட்டிடங்கள், தனியார் வீடுகள் முதலிய நூற்றுக்கணக்கான கட்டடங்களை ஆண்டுதோறும் செப்டம்பரில் கட்டணமின்றிப் பார்வையிட வழிசெய்யும் நிகழ்வாகும். ‘ஓப்பன் ஹவுஸ்’ எனப்படும் இதனை விக்டோரியா தார்ன்டன் 1992இல் தொடங்கினார். பிரான்சில் பண்பாட்டு அமைச்சர் ஜாக் லாங் 1984இல் வரலாற்றுச் சின்னங்களுக்கென ஒரு திறப்பு நாளை ஏற்படுத்தியிருந்தார். லண்டன் விழாவோ பழஞ்சின்னங்களோடு நில்லாமல், புதிதாக எழுந்த கட்டடங்களையும் சேர்த்துக்கொண்டு, அவற்றை வடிவமைத்தவர்களே உடன் நடந்து விளக்கும் முறையையும் வளர்த்தது. நியூயார்க் (2003), டப்ளின் (2005), மெல்போர்ன் (2008) முதலிய நகரங்கள் பின்னர் இதே முறையைப் பின்பற்றின.

பல கட்டடங்களில் வரிசையில் நின்றாலே உள்ளே செல்லலாம். பிரதமரின் அலுவலகமான டவுனிங் தெரு 10ஆம் எண் இல்லம் போன்றவற்றுக்குக் குலுக்கலில் தேர்வானவர்களுக்கே அனுமதி உண்டு.

வெளித்தோற்றத்தை மட்டும் கண்டு ஒரு கட்டடத்தை அறிந்துவிட முடியாது என்பதற்கு ரிச்சர்டு ராஜர்ஸ் வடிவமைத்து 1986இல் திறக்கப்பட்ட லாயிட்ஸ் காப்பீட்டு மாளிகை தக்க சான்றாகும். குழாய்களையும் மின்தூக்கிகளையும் வெளிப்புறத்தில் ஏற்றிக் கட்டிய இந்த மாளிகையின் 11ஆம் தளத்தில், ராபர்ட் ஆடம் 1763இல் போவுட் மாளிகைக்காக வடிவமைத்த உணவுக்கூடம், பகுதி பகுதியாகப் பிரித்துக் கொண்டுவரப்பட்டு மீண்டும் பொருத்தப்பட்டுள்ளது.

இந்தியர்கள் தவறாது காணவேண்டியது, வெளியுறவு அலுவலக வளாகத்திலுள்ள தர்பார் முற்றமாகும். வளாகத்தை ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்தார். இந்திய ஆட்சியை மேற்பார்த்த ‘இந்தியா அலுவலக’த்தின் உட்பகுதி மட்டும் மாத்யூ டிக்பி வயட்டின் படைப்பாகும். மூன்று அடுக்குகளாக எழும் இம்முற்றத்தின் கீழிரு அடுக்குகளில் செந்நிறக் கருங்கல் தூண்களும், மேலடுக்கில் சாம்பல் நிறத் தூண்களும் நிற்க, தரையில் கிரேக்க, சிசிலிய, பெல்ஜியப் பளிங்குகள் பதிக்கப்பட்டுள்ளன. 1867இல் துருக்கிய சுல்தான் அப்துல் அசீசுக்கு இங்கே பெருவிருந்து அளிக்கப்பட்டது. வானம் பார்த்திருந்த முற்றத்திற்கு அடுத்த ஆண்டு கண்ணாடிக் கூரை இடப்பட்டது. ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா நிகழ்வுகள் சில நடைபெற்ற 1902 முதல் ‘தர்பார்’ என்ற பெயர் நிலைத்தது. சுல்தானுக்கு அளித்த விருந்தின் செலவு இந்திய வருவாயிலிருந்து ஈடுசெய்யப்பட்டது என்பதால், இம்முற்றத்தின் அழகை அதன் கணக்கிலிருந்து பிரித்துப் பார்ப்பது நேர்மையாகாது.

அருகிலுள்ள ஆலோசனைக் கூடத்தில், இடிக்கப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனி மாளிகையிலிருந்து எடுத்துவரப்பட்ட பளிங்குக் கணப்படுப்பு முகப்பு இருக்கிறது. மைக்கேல் ரிஸ்பிராக் செதுக்கிய அதில், பிரிட்டனை உருவகப்படுத்தும் பெண் கிழக்கின் செல்வங்களைப் பெற்றுக்கொள்கிறாள். 1960களில் இவ்வளாகத்தையே இடித்துவிடத் திட்டமிடப்பட்டது. எதிர்ப்பு வலுத்ததால் அது கைவிடப்பட, 1984 முதல் 1997 வரை நடந்த புதுப்பிப்புப் பணியில் புகையும் பிற்காலத் தடுப்புகளும் மறைத்திருந்த வண்ணங்கள் மீட்கப்பட்டன.