வாராத பகையும் வெறிச்சோடிய நகரமும்



வரலாறு என்றதும் நடந்து முடிந்த போர்களும் ஆட்சிகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. நடக்கப்போகிறது என்று அஞ்சப்பட்டு, நடவாமலே போனவற்றுக்கும் வரலாற்றில் இடமுண்டு. அத்தகைய நிகழ்ச்சி ஒன்றைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். பகைவன் வருகிறான் என்ற தவறான செய்தியினால் ஒரு மாநகரம் பெரும்பகுதி காலியாயிற்று. அந்நகரம் சென்னை, ஆண்டு 1942.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் வாழும் நமக்கு இதில் என்ன பங்கு என்று நீங்கள் வினவலாம். அன்று இவ்விரண்டும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்த ஊர்கள். கடல் நம்மை விட்டு அகன்று பல கோடி ஆண்டுகள் ஆயின. நம் மண்ணில் கிடைக்கும் சிப்பிப் படிவங்களே அதற்குச் சான்று. ஆயினும் கடற்கரையில் எழுந்த அச்சம் இரயிலேறி நம் பக்கமும் வந்தது. எழும்பூரிலிருந்து விழுப்புரம், விருத்தாசலம் வழியாகத் திருச்சி செல்லும் இரயில்பாதை அரியலூரைத் தொட்டுச் செல்வதன்றோ! இரயில் நிலையம் இல்லாத பெரம்பலூருக்கு வருவோர் பேருந்தையோ மாட்டுவண்டியையோ நாட வேண்டியிருந்தது. பட்டணத்து உறவினர் மூட்டை முடிச்சுகளோடும் கைக்குழந்தைகளோடும் வந்து இறங்கிய கதையை எங்கள் பக்கத்து முதியோர் சொல்ல இளமையில் கேட்டிருக்கிறேன்.

சென்னை மக்களுடைய அச்சம் காரணமின்றி எழுந்ததன்று. முதல் உலகப் போரின்போது, 1914 செப்டம்பர் 22 இரவில், எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் முன்னறிவிப்பு ஏதுமின்றி வந்து துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. அன்றும் மக்கள் ஊரை விட்டு ஓடினர். கைதேர்ந்த சூழ்ச்சிக்காரனை ‘எம்டன்’ என்று இன்றும் நம் வழக்கில் சொல்கிறோம். இருபத்தேழு ஆண்டுகள் கழித்தும் அந்நினைவு மறையவில்லை.

1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியது. அம்மாதமே இரங்கூன் மீது குண்டுகள் விழுந்தன. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் இரங்கூனும் வீழ்ந்தது. பர்மாவில் பிழைக்கச் சென்றிருந்த தமிழர் பல்லாயிரவர் காட்டு வழியே நடந்து தாயகம் திரும்பினர். தாங்கள் கண்ட கொடுமைகளை அவர்கள் எடுத்துரைத்தனர். வீழவே வீழாது என்று அரசாங்கம் சொல்லி வந்த கோட்டைகள் வீழ்ந்ததை நேரில் கண்டவர்கள் அவர்கள். அவர்கள் சொல்லை நம்புவதா, அரசாங்க அறிக்கையை நம்புவதா?

ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. 9ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. சென்னைக்குத் தெற்கிலும் அடி, வடக்கிலும் அடி; அடுத்தது சென்னைதான் என்று எவருக்கும் தோன்றும் அல்லவா? இந்நாள்களில்தான் சென்னையில் அபாயச் சங்கு ஒலித்தது. பகைவரின் கப்பற்படை சென்னையை நோக்கி வருகிறது என்ற தகவலும் இராணுவத்தினரிடமிருந்து அரசாங்கத்துக்கு எட்டியது.

கவர்னர் சர் ஆர்தர் ஹோப்பின் அரசாங்கம் அத்தகவலை மெய்யென்றே கொண்டது. நகரில் இருக்க வேண்டிய அவசியம் இல்லாதவர்கள் வெளியேறலாம் என்று அறிவிக்கப்பட்டது. அரசாங்க அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் புறப்பட்டன. உயர்நீதிமன்றம் கோயம்புத்தூருக்குச் சென்றது. மூர் மார்க்கெட்டை அடுத்திருந்த மிருகக்காட்சிசாலையில், குண்டு வீச்சில் கூண்டு உடைந்தால் வெளிவந்துவிடும் என்று அஞ்சிச் சிங்கம், புலி முதலிய கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றனர். இரயில் நிலையங்களில் மக்கள் வெள்ளம் அலைமோதியது. கடைகள் மூடப்பட்டன. வாடகைக்கு ஆள் கிடைக்காமல் வீடுகள் பூட்டிக் கிடந்தன. வந்த விலைக்கு வீட்டை விற்றுப் போனவர்களும் உண்டு.

பகைக் கப்பல்களோ வரவில்லை. திருகோணமலைத் தாக்குதலுக்குப் பின் ஜப்பானியக் கப்பற்படை கிழக்கு நோக்கித் திரும்பிச் சென்றுவிட்டது. சென்னைக்கு வந்த தகவல் தவறானது.

‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்று சொல்லி அம்மக்களை நகைத்துவிடலாம். அது நீதியாகாது. அவர்கள் நிலையில் நம்மை வைத்துப் பார்ப்போம். நகரில் முன்னேற்பாடுகள் இல்லாமலில்லை. பதுங்குகுழிகள் வெட்டப்பட்டிருந்தன. இரவில் இருட்டடிப்பு இருந்தது. விமானத் தாக்குதல் தற்காப்பு ஊழியர்கள் தெருத் தெருவாக நியமிக்கப்பட்டிருந்தனர். சங்கு ஒலித்தால் குழியில் இறங்கிப் பதுங்குக என்பதே மக்களுக்குச் சொல்லப்பட்ட பாடம். அப்பாடத்தைச் சொன்ன அரசாங்கமே மூட்டை கட்டத் தொடங்கியபோது, குழியில் இறங்க எவருக்கு மனம் வரும்? மக்கள் காதால் கேட்டது ஒன்று, கண்ணால் கண்டது வேறொன்று. கண்டதையே நம்பினர்.

மற்றொரு காரணமும் உண்டு. 1939இல் காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகிய பிறகு மாகாணத்தில் கவர்னரின் நேர் ஆட்சியே நடந்தது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு, அவர்களிடையே நின்று பேசத்தக்க அமைச்சர் எவரும் பதவியில் இல்லை. போர்க்காலக் கட்டுப்பாட்டினால் பத்திரிகைகளும் அறிந்ததை எல்லாம் எழுத இயலாது. மெய்ச்செய்தி வரும் வாயில் அடைபட்டிருக்கும்போது வதந்தி தானே வாயிலாகிறது.

பொய்யெச்சரிக்கையின் தீமை அன்றோடு முடிவதில்லை. ‘புலி வருகிறது’ என்று விளையாட்டாய்க் கூவிய சிறுவன் கதை உங்களுக்குத் தெரியும். 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் ஒன்று மெய்யாகவே வந்து சென்னைத் துறைமுகப் பகுதியில் குண்டு போட்டது. முந்தைய ஆண்டு ஆயிரமாயிரம் பேரை விரட்டிய அச்சம் அன்று எழவில்லை. நல்வினையாகச் சேதம் சிறிதாயிற்று; பெரிதாகியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

எச்சரிக்கையால் விளைந்த துன்பத்தைக் கண்டு, எச்சரிக்கையே வேண்டாம் என்று முடிவு கட்டலாகாது. அதற்கு அரியலூரே சாட்சி. 1956 நவம்பர் 23 விடியற்காலை, சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் சென்ற விரைவு இரயில் அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலத்தில் ஏறியது. பெருமழையால் ஆறு பெருகிப் பாலத்தின் வலிமையைக் கெடுத்திருந்தது. வண்டியை நிறுத்து என்று சொல்ல அங்கே ஒரு விளக்கில்லை, ஒரு குரலில்லை. எஞ்சினும் பெட்டிகளும் வெள்ளத்தில் விழுந்தன. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். வீணாக ஒருமுறை நின்ற வண்டியால் சில மணி நேரம் இழப்பு. நில்லாமற் சென்ற வண்டியால் நேர்ந்த இழப்புக்கு ஈடேது?

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2004 டிசம்பர் 26 அன்று கடற்கோள் வந்தது. எச்சரிக்கை இல்லை, தமிழ்நாட்டில் மட்டும் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் மடிந்தனர். நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30 அன்று, மற்றொரு பேரலை வரலாம் என்று மத்திய உள்துறை அமைச்சகம் கரையோர மாநிலங்களை எச்சரித்தது. நாகப்பட்டினத்திலும் பிற ஊர்களிலும் மக்கள் கிடைத்த வண்டியிலேறி உள்நாட்டுக்கு விரைந்தனர். உதவிப் பணிகள் தடைப்பட்டன. அயல்நாட்டுத் தனியார் நிறுவனம் ஒன்றின் கணிப்பே அதற்கு அடிப்படை. அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அறிவியல் அமைச்சர் கபில் சிபல் அன்றே மறுத்துரைத்தார். பூகம்பம் இன்ன நாளில் வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் அறிவியல் இன்னும் பிறக்கவில்லை.

அவ்வனுபவம் வீண்போகவில்லை. 2007இல் ஐதராபாத்தில் கடற்கோள் முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் பூகம்பம் நேர்ந்தபோது எச்சரிக்கை எழுந்தது. சென்னையில் மக்கள் கட்டடங்களிலிருந்து வெளியேறினர். கடலடி நிலம் மேலுங்கீழுமாக எழாமல் பக்கவாட்டில் நகர்ந்தமையால் பேரலை எழவில்லை. கடல்மட்டக் கருவிகள் அதைக் காட்டின. சில மணி நேரத்தில் எச்சரிக்கை விலக்கப்பட்டது. இது பொய்யெச்சரிக்கை அன்று. அளந்து சொல்லி, அளந்தே விலக்கிய எச்சரிக்கை.

விலக்கத் தாமதிப்பதும் பெருங்கேடே. 2018 ஜனவரி 13 காலை, அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளில் ஏவுகணை வருகிறது என்று கைபேசிகள் அலறின. பயிற்சி என்பதை உணராத ஊழியர் ஒருவர் அனுப்பிய செய்தி அது. தவறென்று கைபேசிகளுக்குத் தெரிவிக்க முப்பத்தெட்டு நிமிடங்கள் ஆயின. எங்கே பதுங்குவது என்றறியாமல் சிலர் தம் மக்களைத் தெருச் சாக்கடைக் குழிகளில் இறக்கினர். செல்வமும் கருவியும் மிகுந்த நாட்டிலும், ஒதுங்குமிடம் எது என்பது மக்களுக்குத் தெரியவில்லை.

2023 அக்டோபர் 20 அன்று நம் தமிழ்நாட்டிலும் கைபேசிகள் ஒருமுறை உரக்க ஒலித்தன. அது சோதனை என்று முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது, எவரும் ஓடவில்லை. கருவி நன்று. ஆனால் ஒலி கேட்டபின் என்ன செய்வது என்பதைக் கருவி கற்றுத்தராது. அதை நாம்தான் பழகிக்கொள்ளல் வேண்டும்.

ஆகவே மாணவர்களே, எச்சரிக்கை ஒன்று வரும்போது மூன்று வினாக்களை எழுப்புங்கள். சொல்பவர் யார்? என்ன செய்யச் சொல்கிறார்? ஆபத்து நீங்கியதை எவர் வாயிலாக அறிவேன்? இவற்றுக்கு விடை தெரிந்தவன் ஓட வேண்டிய இடத்தில் ஓடுவான். ஒதுங்க வேண்டிய இடத்தில் ஒதுங்குவான். பெருவெள்ளம் வந்தால் உங்கள் ஊரில் மேட்டு நிலம் எது, பள்ளியில் வெளியேறும் வழி எது, நடக்க இயலாத பாட்டியை யார் தூக்கிச் செல்வது என்பதை இன்றே வீட்டாரோடு பேசி வையுங்கள். நாளை உங்களுள் சிலர் அதிகாரிகளாகி எச்சரிக்கை விடுக்கும் இடத்தில் அமரக்கூடும். அன்று 1942ஆம் ஆண்டு நினைவுக்கு வரட்டும். அறிந்ததை அறிந்தவாறே சொல்லுங்கள். தவறென்று தெரிந்த நொடியில் திருத்திச் சொல்லுங்கள். மக்களை இருக்கச் சொன்னால் நீங்களும் உடனிருங்கள்.