கசெட் போச்சு, போர்ட் மிஞ்சிச்சு

வீட்டில பாட்டுப் பதியிற ஆக்களிட்ட இண்டைக்கு இருக்கிறது பெரும்பாலும் ஒரு கொம்பியூட்டரும் ஒரு சின்ன ஓடியோ இன்டர்பேஸும்தான். ஒரு குரலும் ஒரு கிற்றாரும் எண்டால் அது போதும். ட்ரம்ஸ் பதியவேணும், இல்லாட்டி நாலைஞ்சு பேரை ஒரே நேரத்தில இருத்திப் பதியவேணும் எண்டால் எட்டு, பத்து மைக் இன்புட் தேவை. அங்கதான் காசுப் பிரச்சினை தொடங்கும். இருபது வருசத்துக்கு முந்தின யமஹா 01வி96 மாதிரியான டிஜிட்டல் மிக்சர்கள் செக்கன்ட்ஹாண்டில கண்ணில படுறதும் அப்பதான். "பழசு, வேண்டாதை" எண்டு புத்தி சொல்லவும் ஆள் இருக்கும். உண்மையில எது பழசாகுது, எது ஆகேல்ல எண்டு பார்க்க இந்த மிக்சர்களின்ர வரலாறு உதவும்.

80களில் டிஜிட்டல் மிக்சர் எண்டால் பெரிய ஸ்டூடியோக்களுக்கும் ஒலிபரப்பு நிறுவனங்களுக்கும் மட்டும் கட்டுப்படியான பொருள். 1987இல் யமஹா டிஎம்பி7ஐ வெளியிட்டது: 8 சனல், 16 பிற், உள்ளுக்கேயே எபெக்ற்ஸ், தானா ஏறி இறங்கிற மோட்டார் பேடர்கள். 1994இல் புரோமிக்ஸ் 01 வந்தது. விலை 2000 அமெரிக்க டொலருக்குள்ள. அடுத்த வருசம் வந்த 02ஆர்தான் சின்ன ஸ்டூடியோக்களின்ர முகத்தையே மாத்தினது எண்டு சொல்லலாம். ஒரு பாட்டின்ர முழு மிக்ஸையும் நினைவில வைச்சு, அடுத்த கிழமை பட்டனை அமத்தினால் பேடர்கள் எல்லாம் பழைய இடத்துக்கே ஓடிவரும். அனலொக் மிக்சரில அதுக்கு ஒவ்வொரு குமிழின்ர நிலையையும் கொப்பியில எழுதி வைக்கவேணும்.

ஆனா மிக்சர் தனிய நிண்டு ஒண்டும் செய்யேலாது. பதியிறதுக்கு மெசின் வேணும். அமெரிக்காவின் அலெசிஸ் நிறுவனம் 1991இல் அறிவிச்சு, அடுத்த வருசம் சந்தைக்குக் கொண்டுவந்த அடாட் அதைச் செய்தது. வீட்டு வீடியோவுக்கு எண்டு வந்த எஸ்-விஎச்எஸ் கசெட்டில 8 ட்ராக் டிஜிட்டலாப் பதியும். விலை 3,995 டொலர். மூண்டு மெசினைச் சேர்த்தால் 24 ட்ராக். இந்த மெசின்கள் தங்களுக்குள்ள பேச, ஒரு மெல்லிய ஒப்டிகல் வயருக்குள்ளால 8 சனலை அனுப்பிற முறை ஒண்டை அலெசிஸ் உருவாக்கிச்சு.

சில வருசத்தில ஹார்ட் டிஸ்க் வந்து கசெட்டைத் தூக்கி எறிஞ்சது. அந்த வயர் முறை மட்டும் சாகேல்ல. இண்டைக்குப் புதுசா வாற ஓடியோ இன்டர்பேஸ்கள் கனக்கவற்றில அதே அடாட் போர்ட் இருக்குது.

2003ஐ ஒட்டி யமஹா ரெண்டு மிக்சர்களை விட்டது. ஒண்டு 01எக்ஸ். எம்லான் எண்ட புது முறையில பயர்வயர் மூலம் நேரா கொம்பியூட்டரோட சேரும். அந்த நேரத்தில அதுதான் எதிர்காலம் மாதிரித் தெரிஞ்சது. மற்றது 01வி96: 12 மைக் ப்ரீஅம்ப், 24 பிற், முதுகில ஒரு அடாட் போர்ட். இண்டைக்கு எம்லான் கைவிடப்பட்டிட்டுது, புதுக் கொம்பியூட்டர்களில பயர்வயரே இல்லை. 01வி96க்கு ஓடியோ அனுப்ப ட்ரைவர் தேவையே இல்லை. வயரைக் குத்தினால் சரி. கெட்டித்தனமானது செத்துப்போச்சு, எளிமையானது நிக்குது எண்டுதான் எனக்குப் படுது.

குத்தினால் சரி எண்டாலும் ரெண்டு விசயம் கவனிக்கவேணும். முதலாவது கிளொக். ரெண்டு டிஜிட்டல் கருவிக்கும் தனித்தனிக் கிளொக் இருக்கு. ஒண்டைத் தலைவராக்கி மற்றதைப் பின்பற்ற விடாட்டி, பதிவுக்குள்ள டிக் டிக் எண்டு சத்தம் விழும். இரண்டாவது, பேட்ச் பக்கத்தில ஒவ்வொரு சனலின்ர டிரெக்ட் அவுட்டையும் அடாட் அவுட்டுக்கு அனுப்பவேணும். அப்பதான் எட்டு மைக்கும் எட்டுத் தனி ட்ராக்காக விழும். 48 கிலோஹேர்ட்ஸ் வரைக்கும்தான் இந்த எட்டு. 96க்குப் போனால் நாலாக் குறையும். யூஎஸ்பி துளையைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். அதுக்குள்ளால மிடியும் கட்டுப்பாட்டுத் தகவலும்தான் போகும். ஓடியோ அனுப்பிற யூஎஸ்பி 2011இல் வந்த 01வி96ஐயில்தான் சேர்ந்தது.

வேண்டப் போனால் முதல்ல கரண்டைப் போட்டுத் திரையைப் பாருங்கோ. உள்ளுக்கு இருக்கிற காசளவு பட்டரி முடிஞ்சிருந்தால் எச்சரிக்கை காட்டும். அது சின்னச் செலவு, ஆனா மாத்த முதல் சேமிச்ச சீன்களை வேற இடத்தில எடுத்து வையுங்கோ. பேடர்கள் எல்லாம் மேல இருக்கிற சீன் ஒண்டும் கீழ இருக்கிற சீன் ஒண்டும் சேமிச்சு, மாறி மாறி அழையுங்கோ. இடையில நிண்டு நடுங்கிற பேடர்களை எண்ணிப்போட்டு விலை பேசலாம்.