குழல் உதட்டு வௌவாலும் சென்ட்ரோபோகன் பூவும்

தென் அமெரிக்காவின் ஈக்வடாரில், ஆண்டிஸ் மலைச் சரிவின் மேகக் காடுகளில் வாழும் தேனுண்ணி வௌவால் அனூரா பிஸ்டுலேட்டா. அதே காட்டில் வளரும் செடி சென்ட்ரோபோகன் நைக்ரிகன்ஸ். வௌவாலின் நாக்கு சுமார் 8.5 செ.மீ.; செடியின் குழாய்ப் பூ 8 முதல் 9 செ.மீ. இந்தப் பொருத்தம் தற்செயல் அல்ல. ஆனால் இரு தரப்புக்கும் சமமான உறவும் அல்ல.

நேதன் முச்சாலாவும் இரு ஈக்வடார் ஆய்வாளர்களும் 2005இல் இந்த வௌவாலைப் புதிய இனமாக விவரித்தார்கள். மேலுதட்டைத் தாண்டி நீண்டு, குழல்போலச் சுருண்ட கீழுதடுதான் அடையாளம். நாக்கின் கதை மறு ஆண்டு வெளிவந்தது. சர்க்கரைத் தண்ணீர் ஊற்றிய உறிஞ்சு குழாயை நீட்டி, நாக்கு எவ்வளவு ஆழம் எட்டுகிறது என்று முச்சாலா அளந்தார். உடல் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு! உடலளவோடு ஒப்பிட்டால் பாலூட்டிகளில் இதற்கு இணையில்லை. முதுகெலும்பிகளில் பச்சோந்தி மட்டுமே முந்துகிறது.

இவ்வளவு நாக்கு வாய்க்குள் அடங்காது. அதன் அடிப்பகுதி தொண்டை வழியே இறங்கி, மார்புக்கூட்டில் நெஞ்செலும்புக்கும் இதயத்துக்கும் நடுவே நிலைகொள்கிறது. எறும்பு தின்னும் அழுங்குகளிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடு உண்டு.

சென்ட்ரோபோகன், நீலகிரியில் பூக்கும் லோபீலியாக்களுக்கு உறவுச் செடி. தேன் குழாயின் அடியில் இருக்கிறது. மகரந்தப் பைகள் வாயருகே மேலே நிற்கின்றன. பூ முதலில் ஆண் நிலையில் வௌவாலின் தலையில் மகரந்தத்தைப் பூசும். பின்னர் பெண் நிலைக்கு மாறி, வேறு பூவின் மகரந்தத்தை அதே தலையிலிருந்து பெற்றுக்கொள்ளும். அக்காட்டின் மற்ற இரண்டு அனூரா இனங்களுக்கு நாக்கு இதில் பாதியளவே. ஆய்வில் இச்செடியின் மகரந்தம் பிஸ்டுலேட்டாவின் உடலில் மட்டுமே கிடைத்தது.

செடிக்கு இந்த ஒரு வௌவாலை விட்டால் கதியில்லை. வௌவாலோ வேறு பல பூக்களுக்கும் போகும், பூச்சியும் தின்னும். பிறகு எதற்காகப் பூ இவ்வளவு நீண்டது? முச்சாலாவும் ஜேம்ஸ் தாம்சனும் செயற்கைப் பூக்களை வைத்துச் செய்த சோதனை 2009இல் விடை தந்தது. குட்டைப் பூவில் வௌவால் எட்ட நின்றே தேனை நக்கிவிடும். மகரந்தம் சரியாக ஒட்டாது. நீண்ட பூவிலோ அது முகத்தை அழுத்திப் புகுத்தியாக வேண்டும். அப்போது மகரந்தம் அதிகமாகப் போய்ச் சேர்ந்தது.