வாலேசுவரன்: ஒரு பெயரும் ஒரு வழக்கும்

வழக்கில் சிக்கிய தொழிலதிபர் ஒருத்தர் வெளிநாட்டில் போய் உட்கார்ந்திருக்கிறார். அவருக்காக ஒரு பழைய போலீஸ் அதிகாரியோ ஓய்வு பெற்ற நீதிபதியோ பரிந்து பேசுகிறார். நமக்கு உடனே என்ன தோன்றும்? "எவ்வளவு வாங்கினாரோ!" அவ்வளவுதான்.

சமீபத்திய உதாரணங்கள் இருக்கின்றன. 2014-ல் மும்பை போலீஸ் கமிஷனராக இருந்த ராகேஷ் மரியா, லண்டனில் லலித் மோடியைச் சந்தித்தார். மறு வருஷம் அந்தப் புகைப்படம் வெளியானதும் பெரிய சர்ச்சை. நிழலுலக மிரட்டல் இருக்கிறது என்று வக்கீல் வற்புறுத்தியதால் பார்த்தேன், மும்பைக்கு வந்து புகார் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன் என்பது மரியாவின் விளக்கம். அடுத்து, நீரவ் மோடியை இந்தியாவுக்கு அனுப்பலாமா என்ற லண்டன் வழக்கு. அதில் ஓய்வு பெற்ற நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் அபய் திப்சேயும் நீரவ் மோடி தரப்பில் சாட்சி சொன்னார்கள். 2021 பிப்ரவரியில் தீர்ப்பு எழுதிய நீதிபதி சாமுவேல் கூஸி, கட்ஜுவின் சாட்சியத்தில் நடுநிலையும் இல்லை, நம்பகமும் இல்லை என்று ஒதுக்கிவிட்டார்.

அப்படியானால் அதிகாரத்தில் இருந்தவர்களின் அனுதாபம் எல்லாமே சந்தேகத்துக்கு உரியதுதானா? நூறு வருஷத்துக்கு முந்தைய நம்மூர் வழக்கு ஒன்றை வைத்து இதை யோசிக்கலாம். அதிலும் குற்றம் சாட்டப்பட்டவர் தொழில் நடத்தியவர். அவரையும் சொந்த ஊரை விட்டுத் தள்ளித்தான் வைத்தார்கள். ஆள் யார் என்றால், வ.உ.சி. இங்கே வைத்துப் பார்ப்பது அனுதாபப்பட்டவர்களைத்தான். குற்றம் சாட்டப்பட்டவர்களை அல்ல. வங்கிக் கடன் மோசடி வேறு, ராஜத்துரோக வழக்கு வேறு.

வ.உ.சி.யைத் தியாகி என்று சொல்லிச் சொல்லியே அவர் ஒரு கம்பெனி முதலாளி என்பதை நாம் மறந்துவிட்டோம். சுதேசி நாவாய்ச் சங்கம் 1906 அக்டோபரில் பதிவானது. பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு, ஆக 10 லட்ச ரூபாய் மூலதனம். பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருத்தரே 2 லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினார். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. தூத்துக்குடி–கொழும்பு தடத்தில் அதுவரை தனி ராஜ்யம் நடத்திய பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாக இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு வந்தது. கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனி இலவசமாக ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுத்தது!

1908 பிப்ரவரி கடைசியில் கோரல் மில் வேலைநிறுத்தம். அதில் தொழிலாளர்கள் ஜெயித்தார்கள். மார்ச் 12-ல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைது. மறுநாள் திருநெல்வேலியில் கலவரம், துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் பலி. வழக்கு முதலில் போனது கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட் இ. எச். வாலஸ் முன்னால். முதற்கட்ட விசாரணையை நடத்தி, இது செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போக வேண்டிய வழக்கு என்று அனுப்பி வைத்தவர் அவர்தான். அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 7-ல் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே தீர்ப்பு சொன்னார். ராஜத்துரோகத்துக்கு 20 வருஷம், சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொரு 20 வருஷம். இரண்டுமே தீவாந்தர சிட்சை. சிவாவுக்கு 10 வருஷம். லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த மார்லிகூட இந்தத் தண்டனைகளை நியாயப்படுத்தவே முடியாது என்று வைஸ்ராய் மிண்டோவுக்குக் கடிதம் எழுதினார். ஆனால் கடிதம் கடிதமாகவே இருந்தது. தண்டனை குறைந்தது மேல்முறையீட்டில்தான். ஆறு வருஷமாக ஆன அந்தத் தண்டனையை வ.உ.சி. கோவையிலும் கண்ணூரிலும் அனுபவித்தார். செக்கிழுத்தது கோவையில்.

1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை. 1911-லேயே கலைத்துவிட்டார்கள். திருநெல்வேலி ஜில்லாவுக்குத் திரும்பவும் அனுமதி இல்லை. வக்கீல் சன்னதும் போயிற்று. கப்பல் ஓட்டியவர் சென்னையில் மளிகைக் கடை வைத்தார், மண்ணெண்ணெய் விற்றார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் திரட்டிய உதவியில் 347 ரூபாய் 12 அணா காந்தி மூலமாக அவருக்கு வந்து சேரவே பல மாதக் கடிதப் போக்குவரத்து தேவைப்பட்டது. பிறகு கோவையில் ஒரு வங்கியில் வேலை. அந்தச் சம்பளம் குடும்பத்துக்குப் பற்றவில்லை. மறுபடியும் வக்கீல் தொழில் செய்ய அனுமதி கேட்டு மனுப் போட்டார்.

அந்த அனுமதி கிடைக்கக் காரணமாக இருந்தவர் அப்போது சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த வாலஸ். ஆமாம், அதே இ. எச். வாலஸ். வழக்கை மேலே அனுப்பிய அதே கைதான் சன்னதைத் திருப்பிக் கொடுத்தது. வ.உ.சி. தன் கடைசி மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். வெள்ளைக்காரனை எதிர்த்துக் கப்பல் விட்டவர் வீட்டில் ஒரு வெள்ளைக்கார நீதிபதியின் பெயர்! நம்மாள் நன்றி சொல்லும் முறை இது. அய்யாவுக்குக் கும்பிடு போட்டுவிட்டு வருவதில்லை, பிள்ளைக்குப் பெயர் வைப்பது.

அனுதாபத்தை எடை போட யாருடைய மனசையும் திறந்து பார்க்க வேண்டியதில்லை. இரண்டு கேள்வி போதும். நாற்காலியில் இருக்கும்போது செய்தாரா, இறங்கிய பிறகு பேசினாரா? பாதிக்கப்பட்டவர் கைக்கு ஏதாவது வந்து சேர்ந்ததா? மார்லி நாற்காலியில்தான் இருந்தார், ஆனால் அவர் அனுதாபம் கடிதத்தோடு நின்றது. வாலஸ் அரசாங்கத்தை எதிர்க்கவில்லை, பழைய தீர்ப்பைத் தப்பு என்றும் சொல்லவில்லை. ஆனால் தன் அதிகாரத்துக்குள் எது முடியுமோ அதைச் செய்தார். அதனால் வ.உ.சி. கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் மறுபடி கோர்ட்டுக்குப் போக முடிந்தது.

அதன் எல்லையும் தெரிய வேண்டும். சன்னது வந்தது, கப்பல் வரவில்லை, கடனும் தீரவில்லை. 1936 நவம்பர் 18-ல் இறந்தபோது அவர் எழுதி வைத்திருந்த உயிலில் கடன் பட்டியல்தான் நீளம்.

அதே வழக்கின் இன்னொரு கைதி சிவா எங்கள் பக்கத்து ஜெயிலில் கிடந்தவர். ஏற்காட்டு மலைக்குக் கீழே சேலம் சிறையில். அங்கிருந்து 1912 நவம்பரில் தொழுநோயோடு வெளியே வந்தார். அந்த நோயைக் காட்டி ரயிலில் ஏறக்கூடாது என்றார்கள், நடந்தே ஊர் ஊராகப் போனார். 1925 ஜூலை 23-ல் பாப்பாரப்பட்டியில் முடிந்தது. அவருக்குத் திருப்பிக் கொடுக்க யார் கையிலும் ஒரு சன்னதுகூட இல்லை.