ரோசெட்டோவின் முதியவர்கள்

இத்தாலியின் தெற்கே, ஃபோஜ்ஜா மாவட்டத்து மலைச்சரிவில் ரோசெட்டோ வால்ஃபோர்த்தோரே என்றொரு சிற்றூர் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் பிறர் நிலத்தில் உழைத்தார்கள், அல்லது கல்லுடைத்தார்கள். 1882இல் அவ்வூரிலிருந்து பத்து ஆண்களும் ஒரு சிறுவனும் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். பென்சில்வேனியா மாநிலத்தில், பாங்கர் என்னும் ஊரையொட்டிய சிலேட்டுக் குவாரிகளில் அவர்களுக்கு வேலை கிடைத்தது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் உற்றார் உறவினர் கூட்டம் கூட்டமாக வந்து சேர, இத்தாலிய ஊர் பாதி காலியாகி அமெரிக்க மலைச்சரிவொன்றில் மீண்டும் முளைத்தது. பெயரும் அதே ரோசெட்டோதான். பாங்கரில் ஏற்கெனவே குடியேறியிருந்த வேல்ஸ்காரர்களும் ஆங்கிலேயரும் இவர்களை ஏளனமாகவே பார்த்தார்கள். அந்த ஏளனமும் இவர்கள் தமக்குள் நெருங்கிக்கொள்ள ஒரு காரணமாயிற்று என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பாஸ்குவாலே தெ நிஸ்கோ என்ற இளம் பாதிரியார் வந்தபின் ஊர் உருப்பெற்றது. விதை கொடுத்துத் தோட்டம் போடச் செய்தார், சங்கங்கள் அமைத்தார், திருவிழா எடுத்தார். 1912இல் ரோசெட்டோ தனிப் பேரூராயிற்று. ஆண்கள் குவாரிக்கும் பெண்கள் ரவிக்கை தைக்கும் ஆலைகளுக்கும் போனார்கள்.

இந்த ஊரை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், ஒரு மாலைநேர உரையாடல் நிகழாதிருந்தால். ஓக்லஹோமா பல்கலைக்கழக மருத்துவப் பேராசிரியர் ஸ்டூவர்ட் வுல்ஃபுக்கு அப்பகுதியில் ஒரு பண்ணைவீடு இருந்தது. உள்ளூர் மருத்துவர் ஒருவர் 1960களின் தொடக்கத்தில் அவரோடு பேசிக்கொண்டிருந்தபோது, தம் பதினேழாண்டுத் தொழில் அனுபவத்தில் 65 வயதுக்குக் கீழே மாரடைப்பு வந்த ரோசெட்டோக்காரரை மிக அரிதாகவே கண்டதாகச் சொன்னார். அமெரிக்க ஆண்களை மாரடைப்பு அள்ளிக்கொண்டு போன காலம் அது. வுல்ஃப் தம் குழுவோடு இறப்புச் சான்றிதழ்களைப் புரட்டினார், ஊராரின் இரத்தத்தைச் சோதித்தார். அடுத்த ஊரான பாங்கரை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டார். இரண்டு ஊருக்கும் ஒரே தண்ணீர், ஒரே மருத்துவர்கள், ஒரே மருத்துவமனை. முடிவுகள் 1964இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தன. ரோசெட்டோவில் 55க்கும் 64க்கும் இடைப்பட்ட ஆண்களிடம் மாரடைப்பு மரணம் ஏறக்குறைய இல்லை. 65ஐத் தாண்டிய ஆண்களின் இறப்பு விகிதமோ தேசியச் சராசரியில் பாதியளவே.

உணவுதான் காரணம் என்று நினைத்தால் அங்கேயும் வியப்பு. ஆலிவ் எண்ணெய் வாங்க வசதியில்லாத இவர்கள் பன்றிக்கொழுப்பில் பொரித்துத் தின்றார்கள். உண்ட சக்தியில் சுமார் 41 விழுக்காடு கொழுப்பிலிருந்து வந்தது. புகைத்தார்கள். பலர் உடல் பருத்தவர்கள். மரபணுவா என்று பார்த்தால், வேறு ஊர்களில் குடியேறிய இவர்களது உறவினருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

வுல்ஃபும் சமூகவியலாளர் ஜான் ப்ரூனும் பிறகுதான் தெருவைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரே வீட்டில் மூன்று தலைமுறைகள். இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊரில் இருபத்திரண்டு சங்கங்கள். மாலையில் கரிபால்டி சாலையில் நடப்பவர்கள் ஒவ்வொரு வாசலிலும் நின்று இத்தாலிய மொழியில் பேசிவிட்டுத்தான் நகர்ந்தார்கள். பணம் சேர்ந்தவன் அதைக் காட்டிக்கொள்ளலாகாது. காட்டினால் கண்ணேறு படும் என்ற நம்பிக்கை (நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை). எல்லாவற்றிலும் முக்கியமானது முதியவர்களின் இடம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் வீட்டு மூலையில் அமர்த்தப்பட்டவர்கள் அல்லர். சில்லறை வழக்குகளும் குடும்பச் சண்டைகளும் கொடுக்கல் வாங்கல் தகராறுகளும் அவர்களிடமே போயின. வயது ஏற ஏற அவர்களுக்கு வேலை கூடியது.

இதை ஒரு பொற்காலச் சித்திரமாக வரைவது எளிது. நான் அதைச் செய்ய விரும்பவில்லை. எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில் எல்லோரும் எல்லோரையும் கண்காணிக்கவும் செய்வார்கள். பகலில் ஆலையில் தைத்துவிட்டு இரவில் மூன்று தலைமுறைக்கும் சமைத்த பெண்ணின் தோளில் நின்றதுதான் அந்த ஒற்றுமையின் பெரும்பகுதி. இளையவர்கள் வெளியேற விரும்பியதில் வியப்பில்லை.

வெளியேறுவார்கள் என்பதை வுல்ஃப் முன்பே கணித்திருந்தார். ஊர் அமெரிக்கமயமானால் இந்த நலமும் போய்விடும் என்று 1960களிலேயே சொன்னார். அப்படியே நடந்தது. பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள். தனி வீடுகளும் வேலிகளும் பெரிய கார்களும் வந்தன. 1971இல், 45 வயதுக்குட்பட்ட ஒருவர் மாரடைப்பில் இறந்தார். அவ்வூரில் அதுவே முதல் முறை. 1935 முதல் 1985 வரையிலான ஐம்பதாண்டு இறப்புப் பதிவுகளை ஒப்பிட்ட ஆய்வொன்று 1992இல் வெளியாயிற்று. முதல் முப்பதாண்டுகள் பாங்கரைவிடக் குறைந்திருந்த ரோசெட்டோவின் மாரடைப்பு மரணங்கள் பின்னர் உயர்ந்து பாங்கரின் அளவைத் தொட்டுவிட்டன.

சிறிய ஊர், ஆகவே எண்ணிக்கையும் சிறிது. உணவுக் கொழுப்பு ஆய்வில் புகழ்பெற்ற ஆன்செல் கீஸ் 1966லேயே ரோசெட்டோ முடிவுகளை மறுத்து எழுதினார். அந்த ஐயம் நியாயமானதே. ஆனால் இந்த விஷயம் ரோசெட்டோவை மட்டும் நம்பி நிற்கவில்லை. கலிஃபோர்னியாவின் அலமேடா மாவட்டத்தில் 1965இல் 6,928 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பை வைத்து, லிசா பெர்க்மனும் லெனார்டு சைமும் ஒன்பதாண்டு இறப்புகளை ஆராய்ந்து 1979இல் எழுதினார்கள். உறவும் நட்பும் மிகக் குறைந்தோர், அவை மிகுந்தோரைக் காட்டிலும் ஆண்களில் 2.3 மடங்கும் பெண்களில் 2.8 மடங்கும் அதிகமாக இறந்திருந்தனர். புகை, மது, உடற்பருமன், வருமானம் எல்லாவற்றையும் கணக்கில் கொண்ட பின்பும் தொடர்பு மறையவில்லை.

கூட்டுக்குடும்பம் கலைந்ததே எல்லாக் கேட்டுக்கும் மூலம் என்று நம்மில் பலர் ரோசெட்டோ கதையைக் கேட்டதும் சொல்லிவிடக்கூடும். அவர்களுக்கு நான் சுட்ட விரும்புவது நியூஹேவன் நகரத்து ஆய்வு. 65 வயதைக் கடந்த 2,761 பேரைப் பதின்மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து 1999இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இவர்கள் ஒரே குலத்தவர் அல்லர். முதியோர் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்களும் இவர்களில் உண்டு. உடற்பயிற்சி செய்தோர் நீண்டநாள் வாழ்ந்ததில் புதுமையில்லை. உடலுழைப்பே இல்லாத காரியங்களில், அதாவது சீட்டாட்டத்திலும் தேவாலயத்திலும் நண்பர் கூட்டங்களிலும் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு பயன் பெற்றிருந்தார்கள். சமையல், கடைக்குப் போதல், தோட்டவேலை, ஊதியமில்லாத பொதுப்பணி ஆகியவற்றைச் செய்தவர்களுக்கும் அவ்வாறே. நலமாயிருப்பவர்தானே வெளியே போவார் என்று கேட்கலாம். தொடக்கத்தில் இருந்த நோய்களையும் இயலாமையையும் கழித்துத்தான் கணக்கிட்டிருக்கிறார்கள். நியூஹேவனில் சீட்டாடியவர்களுக்குப் பேரன் பேத்திகளோடு ஒரே கூரை தேவைப்படவில்லை. எதிரே உட்கார இன்னும் மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.