மார்பளவுப் படத்தின் சரித்திரம்

தஞ்சோங் ரம்புத்தான் என்ற பெயரைச் சொன்ன மாத்திரத்தில் பிற ஊரார் நகைப்பது இந்நாட்டில் நெடுங்கால வழக்கம். 1911ஆம் ஆண்டில் அங்கே திறக்கப்பெற்ற மனநோய் மருத்துவமனையே அந்நகைப்புக்குக் காரணம். நோயாளரைக் காக்கும் ஓர் இல்லம் இருப்பதனாலேயே ஓர் ஊரின் பெயரை ஏளனச் சொல்லாக்கிய மடமையைப் பற்றி வேறொரு சமயம் பேசுவோம். இப்போது நாம் பேசப் புகுவது, அவ்வூரிலும் அதனைச் சூழ்ந்த தோட்டப்புறங்களிலும் பிறந்து வளர்ந்த நம் இளைஞர், உத்தியோகத்துக்கு விண்ணப்பம் எழுதும்போது இணைத்தனுப்பும் ஒரு சிறு படத்தைப் பற்றியே. தலையும் தோளும் மார்பும் மட்டும் தெரிய எடுக்கும் அந்தப் படம், விண்ணப்பக்காரர் வாய் திறக்குமுன்னரே அவரைப் பற்றிப் பேசிவிடுகிறது.

அப்படத்துக்கு ஆயத்தமாகும் முறையை வீட்டுப் பெரியோர் ஒரே பாடமாகச் சொல்வர். "வெள்ளைச் சட்டை போடு, முகத்துக்கு நன்றாகப் பவுடர் பூசு, அசையாமல் விறைத்து நில், பல்லைக் காட்டாதே." இவ்வுபதேசங்கள் எங்கிருந்து வந்தன? சாஸ்திரத்திலிருந்து அல்ல, காமிராவின் சரித்திரத்திலிருந்து வந்தன. ஒரு காலத்தில் அவற்றிற் சிலவற்றுக்கு நியாயமும் இருந்தது. காரணம் மறைந்த பின்னும் காரியம் மாத்திரம் நிலைத்து நிற்பது நம்மவரிடையே புதிதன்று.

1839ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 19ஆம் தேதி, பாரிஸ் நகரில் தாகேர் என்பாரின் படம் பிடிக்கும் முறை உலகுக்கு வெளியிடப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அது நம் கடற்கரைக்கும் வந்துவிட்டது. மலாக்காவில் பிறந்து, இளமையில் தமிழும் கற்ற முன்ஷி அப்துல்லா, சிங்கப்பூரில் ஓர் அமெரிக்கக் கப்பலின் வைத்தியர் காட்டிய வெள்ளித் தகட்டில் நகரத்தின் தோற்றம் அப்படியே பதிந்திருந்த அதிசயத்தைத் தம் சரித்திர நூலில் எழுதிவைத்திருக்கிறார். அந்நூல் 1849இல் அச்சேறியது. அதற்கு முன்பே, 1843இல், துத்ரோன்குவா என்ற பிரெஞ்சுக்காரர் தம் ஹோட்டலில் படம் எடுத்துத் தருவதாகச் சிங்கப்பூர்ப் பத்திரிகையில் விளம்பரம் செய்தார். 1867இல் லாம்பர்ட் கம்பெனியின் ஸ்டூடியோ அங்கே தோன்றிற்று. தாய்நாட்டிலோ, சென்னை சர்க்காரின் படக்காரராயிருந்த லின்னேயஸ் டிரைப் 1858இல் தஞ்சையையும் மதுரையையும் படம் பிடித்தார். அவர் படங்களில் கோபுரங்களும் மண்டபங்களும் நிறைந்திருக்க, மனிதர் அரிதாகவே காண்பர். கோபுரம் அசையாது, மனிதன் அசைவான்.

விறைத்து நிற்கும் வழக்கத்தின் வேர் இதுவே. அந்நாளில் தகட்டிலே உருவம் பதியப் பல விநாடிகள், சில சமயம் நிமிஷங்கள், பிடித்தன. சற்றே அசைந்தாலும் முகம் புகைபோற் கலைந்துவிடும். ஆகையால் தலையின் பின்னே இரும்புக் கவட்டை ஒன்றை முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். அவ்வளவு நேரம் சிரித்த முகமாயிருப்பது யாரால் ஆகும்? இன்று ஒரு விநாடியில் நூற்றிலொரு பங்கு நேரத்தில் படம் பதிந்துவிடுகிறது. கவட்டை போய் நூறாண்டு கழிந்தும் நம் கழுத்து மட்டும் அதை மறக்கவில்லை.

பவுடரின் கதை இன்னும் ஆழமானது. பழைய கண்ணாடித் தட்டுகளுக்கு எல்லா நிறமும் தெரியாது. நீலத்தையே அவை நன்கு உணர்ந்தன. சிவப்புக்கு அவை குருடு. நீலவானம் வெளுத்து விழும். நெற்றியிலிட்ட குங்குமம் கரும்பொட்டாக விழும். 1873இல் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்மன் ஃபோகல் சாயங்களைச் சேர்த்துத் தட்டுக்குப் பச்சையையும் காணச் செய்தார். எல்லா நிறங்களையும் உணரும் தட்டு 1906இல்தான் கடைக்கு வந்தது. அது மலிந்து எங்கும் பரவ மேலும் பல ஆண்டுகள் சென்றன. மாநிறத்திலும் கருநிறத்திலும் செம்மை கலந்திருக்கிறதல்லவா? செம்மையைக் காணாத தட்டு, நம் முகத்தை உள்ளதிலும் ஒரு மடங்கு கரியதாகவே காட்டிற்று. கண்ணின் ஒளியும் கன்னத்தின் வளைவும் இருளிற் புதைந்தன. படக்காரர் அதைச் சரிசெய்ய நெகடிவின்மேற் பென்சிலால் தீட்டி வெளுப்பாக்கினார். படம் எடுத்துக்கொள்பவர் பவுடரால் வெளுப்பாக்கினார். பிழை தட்டினுடையது. பழி தோலின்மேல் விழுந்தது. பெண் பார்க்கவும் மாப்பிள்ளை பார்க்கவும் படங்கள் ஊர்விட்டு ஊர் போகத் தொடங்கிய காலத்தில், அந்தப் பழி எத்தனை குடும்பங்களில் கண்ணீராயிற்று என்பதை வாசகரே எண்ணிக்கொள்ளலாம்.

தோட்டத்துப் பாட்டாளிகளுக்கோ நெடுங்காலம் அந்தக் குறைபட்ட படத்துக்கும் வழியில்லை. நாகப்பட்டினத்திற் கப்பலேறியவர்களுக்குப் பெயர்ப்பட்டியலில் ஒரு வரி இருந்தது; முகம் எங்கும் பதியவில்லை. கிராணிமாரும் சிறு வியாபாரிகளும் ஈப்போவுக்குச் சென்று, திரைச்சீலையில் எழுதிய மாளிகையின் முன்னே நாற்காலியில் அமர்ந்து படமெடுத்துக்கொள்வர். பால் மரம் வெட்டுபவருக்கு அது ஆகாத செலவு. படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்ற பேச்சும் கூடவே இருந்தது. ஆயுளைக் குறைத்தது படமன்று. ஜப்பானியர் ஆட்சியில், 1942க்கும் 1943க்கும் இடையே அமைந்த சயாம் ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட தமிழர் பல்லாயிரவர். அவருட் பெருந்தொகையினர் திரும்பவில்லை. மாலை சாத்தவேனும் ஒரு படம் இல்லாத வீடுகள் அநேகம்.

இந்நிலையில் 1948ஆம் ஆண்டு வந்தது. தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து அதே ரயில் பாதையில் வடக்கே சென்றால் சுங்கை சிப்புட். அங்கே ஜூன் மாதம் 16ஆம் தேதி ஐரோப்பியத் தோட்டத் துரைமார் மூவர் கொல்லப்பட்டனர். அவசரகாலச் சட்டம் பிறந்தது. பன்னிரண்டு வயது நிரம்பிய ஒவ்வொருவரும் பெயரைப் பதிந்து, படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாளக் கார்டு பெறவேண்டுமென்று சர்க்கார் உத்தரவிட்டது. காட்டிலிருப்போரை நாட்டிலிருப்போரிடமிருந்து பிரித்தறியவே இந்த ஏற்பாடு. காட்டினரும் அதை அறிந்தேயிருந்தனர். பதிவு செய்ய வந்தோரையும் படம் எடுக்க வந்தோரையும் அவர்கள் தாக்கினர்; ஜனங்களிடமிருந்து கார்டுகளைப் பறித்துக் கிழித்தனர். கார்டு இல்லாவிட்டாற் போலீசுக்கு அஞ்சவேண்டும். இருந்தால் காட்டுக்கு அஞ்சவேண்டும். இவ்விரண்டு அச்சத்துக்கும் நடுவே நின்றுதான் நம் தோட்டத்து மக்களிற் பலர் வாழ்விலே முதன்முதலாகக் காமிராவின் முன் நின்றார்கள். விரும்பி எடுத்த படமன்று. ஆயினும் விருந்துக்குப் போவதுபோல் ஆயத்தமானார்கள். தலைக்கு எண்ணெய் வைத்து வாரினார்கள். இரவல் சட்டை வாங்கி அணிந்தார்கள். அந்நாளைய கார்டுகளைப் பெட்டியடியிற் பாதுகாத்து வைத்திருக்கும் வீடுகள் உண்டு. சட்டை தோளில் தொங்குவதையும் கண்கள் அகல விழித்திருப்பதையும் அப்படங்களிற் காணலாம். அழகிய படங்கள் என்று சொல்லமாட்டோம். ஆனால் பேரக் குழந்தைகளுக்குப் பாட்டன் முகம் தெரிவது அவற்றாலேதான்.

சுதந்திரத்துக்குப் பின்னர்க் கார்டின் நிறமே பெரும் விஷயமாயிற்று. பிரஜைகளுக்கு நீல ஐ.சி.; பிரஜையாகாமல் இங்கே குடியிருப்போருக்குச் சிவப்பு ஐ.சி. 1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் பிரஜையல்லாதார்க்கு வேலை அநுமதிச் சீட்டு அவசியமாக, 1969, 1970 ஆகிய ஆண்டுகளையொட்டி ஏறத்தாழ 60,000 இந்தியர் கப்பலேறித் தாயகம் திரும்பினர். கார்டிலிருந்த முகம் அதே முகந்தான். அட்டையின் வண்ணம் வேறு.

தட்டு போய்ப் பிலிம் வந்ததே, பிழை தீர்ந்ததா எனில், தீரவில்லை. வண்ணப் படங்கள் பெருகிய காலத்தில், கோடாக் கம்பெனி படம் கழுவும் கடைகளுக்கு மாதிரி அட்டை ஒன்றை அனுப்பிற்று. அதிலிருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அவள் தோல் சரியாக விழுந்தால் படம் சரி. மற்றவர் தோல் எப்படி விழுந்தாலும் சரி! லோர்னா ராத் என்ற கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் 2009இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு செய்தி காண்கிறது: கரிய தோலை நன்கு காட்டாத குறையைப் போக்க அக்கம்பெனியைத் தூண்டியவர்கள், தங்கள் சரக்கின் பழுப்பு நிற வேற்றுமை படத்தில் விழவில்லை என்று முறையிட்ட சாக்லெட்டு வியாபாரிகளும் மரச்சாமான் வியாபாரிகளுமாம். மனித முகத்துக்கு வராத கவலை மேசை நாற்காலிக்கு வந்தது! கணினி யுகத்திலும் கதை அதுவே. 2018இல் ஜாய் புவோலாம்வினி, டிம்னிட் கெப்ரு என்னும் பெண்மணிகள் இருவர், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் இயந்திரங்களைச் சோதித்தனர். வெளிர்நிற ஆடவரிடம் நூற்றுக்கு ஒன்றும் தவறாத இயந்திரங்கள், கருநிறப் பெண்டிரிடம் நூற்றுக்கு 34 வரை தவறின.

இவ்வளவும் அறிந்த பின் நம் தஞ்சோங் ரம்புத்தான் இளைஞர் எப்படி ஆயத்தமாவது? பவுடரை முதலில் விட்டுவிடலாம். மின்விளக்கு பளிச்சிடும்போது பவுடர் பூசிய கரிய முகம் சாம்பல் பூத்தாற்போல் விழும். நெற்றியிலும் மூக்கிலும் உள்ள எண்ணெய்ப் பசையை ஈரத்துணியால் ஒற்றித் துடைப்பது போதும். தூய வெள்ளைச் சட்டையும் நமக்கு நண்பனன்று. தானே இயங்கும் காமிரா அந்த வெண்மையைக் கண்டு கூசி ஒளியைக் குறைத்துக்கொள்ளும். சட்டை நன்றாக விழும், முகம் இருண்டுபோம். நீலமோ சாம்பல் நிறமோ உள்ள சட்டை நலம். கழுத்துப்பட்டை கழுத்துக்குப் பொருந்த வேண்டும். இரவல் சட்டையை எழுபது ஆண்டு கழித்தும் படம் காட்டிக் கொடுக்கும். சன்னலோரத்து வெளிச்சம் பக்கவாட்டில் விழ அமர்ந்து, ஒளியின் அளவைச் சட்டைக்கன்றி முகத்துக்கு வைக்கும்படி படக்காரரிடம் சொல்லலாம். சொல்லக் கூச வேண்டுவதில்லை. காசு கொடுப்பது நாம். "கொஞ்சம் வெளுப்பாக்கித் தரட்டுமா?" என்று அவர் கேட்பார். கைப்பேசியோ கேளாமலே வெளுப்பாக்கிவிடும். இரண்டுக்கும் வேண்டாமென்று சொல்லவேண்டும். நேர்முகப் பரீட்சைக்குப் படம் போவதில்லை, முகந்தான் போகிறது. இரண்டும் ஒன்றாயிராவிட்டால் மேசைக்கு அப்பாலிருப்பவர் முதலில் சந்தேகிப்பது சான்றிதழையே.

படம் கைக்கு வந்ததும் ஒரு பிரதியைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு, அதன் பின்புறத்தில் மை ஊறாதபடி மெல்லிய பென்சிலால் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதி வைக்க வேண்டும். பழைய பெட்டிகளில் நாம் கண்ட படங்களிற் பாதிக்கு மேற்பட்டவை, யாருடையவை என்று சொல்ல ஆளில்லாதவை.